குறுக்கீட்டுக்குப் பயந்தவர்

இந்தக் கட்டுரையை நான் தட்டச்சு செய்யும்போது கணினி வேறு பல வேலைகளையும் செய்துகொண்டிருக்கிறது. ஒரு விசை அழுத்தப்பட்டால் செயலி கையிலிருக்கும் வேலையைக் கணப்பொழுது நிறுத்தி, அதைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. இதை 'இன்டரப்ட்', அதாவது குறுக்கீடு என்கிறார்கள். இதற்கான நிரலை முதன்முதலில் எழுதியவர்களில் ஒருவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஆரம்பத்தில் இதற்குப் பயந்து ஒதுங்கியவர்.

1930இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் பிறந்த டைக்ஸ்ட்ரா, 1952இல் அம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். 1957இல் திருமணப் பதிவின்போது அப்படியொரு தொழிலை அதிகாரிகள் ஏற்கவில்லை என்பது பலரும் சொல்லும் கதை. அதே காலத்தில் நடந்த இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எக்ஸ் 1 என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்த லூப்ஸ்ட்ராவும் ஸ்கொல்டனும் அதில் குறுக்கீட்டைச் சேர்க்க விரும்பினார்கள். மெதுவான தட்டச்சுப்பொறிக்காக வேகமான செயலி காத்துக்கிடக்கத் தேவையில்லை என்பது அவர்களின் கணக்கு. டைக்ஸ்ட்ரா கலங்கிப்போனார். எந்தக் கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் நடுவில் குறுக்கீடு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இன்று தோன்றும் பிழை நாளை அதே நிரலை ஓடவிட்டால் தோன்றாமல் போகலாம். பிறகு எப்படிப் பிடிப்பது? மூன்று மாதம் முடிவைத் தள்ளிப்போட்டார். கடைசியில் நண்பர்கள் அவரைப் புகழ்ந்தே சம்மதிக்க வைத்தார்கள்.

வேலை பார்வைக்குச் சின்னது. குறுக்கீடு வந்ததும் செயலியின் ரெஜிஸ்டர்களில் உள்ள பெறுமதிகளை நினைவகத்தில் பத்திரப்படுத்த வேண்டும். அது முடியும்வரை அடுத்த குறுக்கீட்டைத் தடுத்துவைக்க வேண்டும். கருவியைக் கவனித்தபின் எல்லாவற்றையும் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் நிரல் நிற்காது, சத்தமில்லாமல் பிழையான விடையைத் தரும். ஓட்டிப் பார்த்துச் சரிபார்ப்பதை நம்பாமல், ஒவ்வொரு அடியும் ஏன் சரி என்று அவர் யோசித்தே எழுதினார். அது எக்ஸ் 1இன் மாற்ற முடியாத நிலையான நினைவகத்தில் பதிக்கப்பட்டது. 1959இல் அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வேடும் இதுவே.

பின்னர் ஐந்தோவனில் இயங்குதளம் ஒன்றை உருவாக்கினார், 1972இல் டியூரிங் விருதும் பெற்றார். 2002 ஓகஸ்ட் 6இல் நுயனனில் காலமானார்.

லினக்ஸ் கேர்னலின் பெரும்பகுதி சி மொழியில் உள்ளது. ஆனால் குறுக்கீடு நுழையும் வாசல் மட்டும் இன்றும் அசெம்பிளியில்தான். ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தும் முன் சி மொழி நிரலை ஓடவிட்டால், அது அவற்றின் மேலேயே எழுதிவிடும்.