அணையாத அடுப்பு

வடலூர் தருமச்சாலையில் ஓர் அடுப்பு இருக்கிறது. 1867-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி அதில் தீ மூட்டினார்கள். அந்தத் தீ இன்றுவரை அணையவில்லை. சமையல் இல்லாத நேரத்திலும் கனல் ஆறிவிடாமல் காத்து வருகிறார்கள்.

அந்த அடுப்பை ஏற்றி வைத்தவர் அரசர் அல்ல; செல்வரும் அல்ல. வெள்ளை ஆடையால் தலையையும் உடலையும் மூடிக்கொண்டு, கைகட்டி அடக்கமாக நடந்த ஓர் அருளாளர். அவர்தான் வள்ளலார் என்று நாடு போற்றும் இராமலிங்க அடிகள்.

புறக்கடையில் சோறு

சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள மருதூர் என்ற சிற்றூரில் 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி இராமலிங்கர் பிறந்தார். தந்தை இராமையாப் பிள்ளை. தாய் சின்னம்மையார். ஐந்து பிள்ளைகளில் இவரே கடைசி.

கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனார். பிறகு குடும்பம் சென்னையில் குடியேறியது. மூத்த மகன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து வீட்டைக் காப்பாற்றினார்.

தம்பியைப் பெரிய படிப்பாளி ஆக்கவேண்டும் என்பது அண்ணனின் ஆசை. தம்பிக்கோ பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை. கந்தகோட்டத்து முருகன் சன்னதியே கதி என்று கிடந்தான். அண்ணனுக்குக் கோபம் வந்தது. இனி அவனுக்கு இந்த வீட்டில் சோறு போடக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டார்.

அண்ணி பாப்பாத்தி அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கணவருக்குத் தெரியாமல் கொழுந்தனைப் புறக்கடைப் பக்கமாக வரச்சொல்லிச் சோறு போட்டு வந்தார்.

ஒருநாள் வீட்டில் திதி. வந்தவர்கள் எல்லோரும் வயிறார உண்டு சென்றார்கள். அதன்பிறகு சிறுவன் வழக்கம்போல் பின்வாசலில் வந்து நின்றான். ஊராருக்கெல்லாம் இலை போட்ட வீட்டில், வீட்டுப் பிள்ளை கொல்லைப்புறத்தில் நிற்கிறானே என்று அண்ணியின் கண்களில் நீர் பெருகியது. அதைக் கண்டு சிறுவன் மனம் கரைந்தான். இனி வீட்டிலேயே இருந்து படிப்பதாக ஒப்புக்கொண்டான். அடிகளின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் நிகழ்ச்சி இது.

பசி என்றால் என்ன, பசித்த நேரத்தில் சோறு தரும் கை எத்தகையது என்பதை அந்தப் பிள்ளை அன்றே அறிந்துகொண்டது.

சென்னையை விட்டுப் புறப்பட்டார்

இளமையிலேயே அவர் வாயில் பாட்டு ஊற்றெடுத்தது. அண்ணனுக்கு உடல்நலம் இல்லாத ஒரு நாளில், அவருக்குப் பதிலாகச் சென்று சொற்பொழிவு செய்தார். கூட்டம் வியந்து நின்றது. பெயரும் புகழும் தேடி வந்தன. உறவினர்கள் வற்புறுத்தித் திருமணம் செய்து வைத்தார்கள். ஆனால் அவர் உள்ளம் இல்லறத்தில் நிற்கவில்லை.

1858-ம் ஆண்டு சென்னையை விட்டுப் புறப்பட்டார். கோயில்களைத் தரிசித்துக்கொண்டு தெற்கே வந்தவர், வடலூருக்கு அருகே உள்ள கருங்குழியில் ஓர் அன்பர் வீட்டில் தங்கினார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். அவர் பாடல்களைக் கேட்டு மக்கள் திரண்டார்கள்.

கடவுள் ஒருவரே, அவர் சோதி வடிவானவர், சாதி மத வேற்றுமைகள் பொய் என்பது அவர் போதனை. இந்தக் கொள்கை உடையவர்களைச் சேர்த்து 1865-ம் ஆண்டு ஒரு சங்கம் கண்டார். அதுவே சன்மார்க்க சங்கம்.

கூடிப் பாடினால் மட்டும் போதுமா? பசித்தவன் வாசலில் நிற்கும்போது பூசை எதற்கு? பிற உயிரின் பசியைத் தீர்ப்பதே கடவுள் வழிபாடு என்றார் அடிகள். அதைச் செயலிலும் காட்ட விரும்பினார்.

எண்பது காணி நிலம்

வடலூருக்கு அந்நாளில் பார்வதிபுரம் என்று பெயர். அடிகளின் எண்ணத்தை அறிந்த ஊர் மக்கள் எண்பது காணி நிலத்தைக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் சுமார் 106 ஏக்கர். எந்த ராஜாவும் கொடுத்த மானியம் அல்ல இது. உழுது பிழைக்கும் குடிமக்கள் மனமுவந்து தந்த மண்.

அங்கே தருமச்சாலை எழுந்தது. அடுப்பு ஏற்றப்பட்டது. வந்தவரிடம் என்ன சாதி, எந்த ஊர், எந்த மதம் என்று கேட்கக்கூடாது. நல்லவனா கெட்டவனா என்றும் விசாரிக்கக்கூடாது. பசி ஒன்றையே பார்க்க வேண்டும். இதுதான் அடிகள் வகுத்த முறை. ஒரே பந்தியில் உட்காரக்கூடாது என்று மனிதரை மனிதர் தள்ளி வைத்த காலம் அது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு சாலை!

அன்பர்கள் அரிசியும் பருப்பும் காய்கறியும் கொண்டுவந்து தந்தார்கள். ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குமா? ஒரு நாள் சாலையில் அரிசி தீர்ந்துவிட்டது. மறுநாளைக்கு ஒன்றும் இல்லை. பொறுப்பில் இருந்தவர் கவலையோடு அடிகளிடம் சொன்னார். அடிகள் சற்றுத் தனித்திருந்து தியானித்தார். நாளைக்கு வந்து சேரும் என்று ஆறுதல் கூறினார். பொழுது விடிந்தது. அரிசி மூட்டைகளுடன் வண்டிகள் வாசலில் வந்து நின்றன என்று அன்பர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அறிவுப் பசியையும் அவர் மறக்கவில்லை. சிறியவர், முதியவர் என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் கற்கப் பாடசாலை ஏற்படுத்தினார். பொதுமக்களுக்குத் திருக்குறள் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

1872-ம் ஆண்டு தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் முதல் சோதி தரிசனம் நடந்தது. எண்கோண வடிவமான அந்தச் சபையில் ஏழு திரைகள் விலக, சோதி தெரியும்.

கதவு மூடியது; அடுப்பு எரிந்தது

இத்தனை செய்தும் அடிகளுக்கு ஒரு வருத்தம் இருந்தது. தம்மை வணங்க வந்தவர்கள் பலர். தம் சொல்லை ஏற்று நடந்தவர்கள் சிலரே. அற்புதம் காட்டுவார் என்று தேடி வந்தவர்களும் உண்டு.

1870-ம் ஆண்டு முதல் அவர் அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில் தங்கியிருந்தார். 1873-ம் ஆண்டு அக்டோபரில் அங்கே கொடி ஏற்றி, அன்பர்களுக்கு நீண்ட உபதேசம் செய்தார். 1874-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி இரவு ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் காணவில்லை. சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

இனித் தருமச்சாலை என்ன ஆகும்? ஏற்றியவர் போய்விட்டார். எத்தனையோ தருமங்கள் செய்தவரோடு முடிந்துபோவதை உலகம் பார்த்திருக்கிறது.

இரண்டே ஆண்டுகளில் பெரிய சோதனையும் வந்தது. 1876-ம் ஆண்டு தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். பணக்காரர் வீட்டு அடுப்பிலும் பூனை தூங்கிய காலம் அது. வடலூர் அடுப்பு மட்டும் அணையவில்லை என்று சன்மார்க்க அன்பர்கள் பெருமையோடு சொல்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாக அந்த அன்பர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சென்னை மாகாணப் பிரதமராக 1947 முதல் 1949 வரை இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரும் அவர்களில் ஒருவர். பதவியை விட்டபின் அவர் வடலூருக்கு வந்து, ஆதரவற்றவர்களுக்கும் கல்விக்கும் தொண்டு செய்தார். பெயர் தெரியாமல் அரிசி கொடுத்தவர்களும், விறகு சுமந்தவர்களும், இலை எடுத்தவர்களும் எத்தனை ஆயிரம் பேரோ!

தம் சொல்லை ஏற்றவர்கள் சிலரே என்று அடிகள் வருந்தினார். அந்தச் சிலர் அடுப்பை அணைய விடவில்லை. ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் விறகைத் தள்ளினார்.

புறக்கடையில் நின்று உண்ட பிள்ளை, ஊருக்கெல்லாம் முன்வாசலைத் திறந்து வைத்தார். அந்த வாசல் இன்றும் திறந்தே இருக்கிறது. பசியோடு வருகிறவருக்கு அங்கே இன்றும் இலை போடுகிறார்கள்.