பேரெண்ணும் பெருந்தவமும்
(கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன்)

இராமானுஜன் என்றதும் 1729 என்னும் எண்ணையே பலரும் நினைவுகூர்வர். அதனினும் மிகப் பெரியதோர் எண் அவர் வாழ்வோடு பிணைந்து கிடக்கின்றது. 6,746,328,388,800 என்பதே அது. ஆறு இலட்சம் கோடியையும் கடந்தது.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டிலே பிறந்து, கும்பகோணத்திலே வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். அன்னையார் கோமளத்தம்மாள் நாமக்கல் நாமகிரித் தாயாரிடத்துப் பேரன்பு பூண்டவர், மைந்தரும் அவ்வாறே. கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரிப் புலமைப்பரிசிலை இழந்தார்; எப்.ஏ. பரீட்சையிலும் தவறினார். பட்டமில்லை, தொழிலில்லை. கடதாசி வாங்கவும் வகையின்றிக் கற்பலகையிலே கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வந்தார். 1912 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்திலே மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு வரைந்த கடிதம் அவர் வாழ்வையே மாற்றிற்று. 1914 இல் ஆசாரத் தடைகளைக் கடந்து இங்கிலாந்து சென்றார்.

அங்கே, 1915 இல், அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையிலேதான் நாம் கூறிய பேரெண் வருகின்றது. 12 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதனை மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12 இற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு, தன்னிற் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளின் தொகையில் வெல்லும் எண்களை அவர் ஆராய்ந்தார். அவற்றின் அமைப்பிலே ஓர் ஒழுங்கு உண்டு என நிறுவினார். முதன்மை எண்களாகப் பிரிக்கும்போது, சிறிய முதன்மை எண் வரும் தடவையினும் பெரியது கூடுதலாக வருவதில்லை. 4, 36 ஆகிய இரண்டும் நீங்கலாக, இறுதி முதன்மை எண் ஒரு தடவையே வரும். அப்பேரெண்ணில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 உம் 7 உம் இவ்விரு தடவை, 11 முதல் 23 வரையுள்ள ஐந்து முதன்மை எண்களும் ஒவ்வொரு தடவை வருகின்றன. அதன் வகுத்திகள் 10,080!

கணிப்பொறி இல்லாத அக்காலத்திலே இத்தகைய 102 எண்களைக் கைக்கணக்காற் பட்டியலிட்டார். 293,318,625,600 என்ற ஒன்று மட்டும் அதில் விடுபட்டுப் போயிற்று. பேரெண்ணை 23 ஆல் வகுத்தால் வருவது அதுவே.

பரீட்சையில் தவறியவருக்கு இவ்வாராய்ச்சிக்காகவே 1916 இல் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. 1918 இல் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். போர்க்காலத் தட்டுப்பாட்டிலும் மரக்கறி உணவைத் தாமே சமைத்துண்டு நியமம் காத்தார். நோயுற்று 1919 இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26 இல், 32 ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார்.

தம் ஆற்றலை நாமகிரித் தாயாரின் அருளென்றே அவர் போற்றினார். ஆயினும் அருளை நம்பிக் கைகட்டி இருந்தாரல்லர். விடுபட்ட அந்த ஓர் எண்ணே, பட்டியல் முழுவதும் மனிதக் கை வருந்தி எழுதியது என்பதற்குச் சான்று. இளைஞர்களே! பக்தி உழைப்புக்கு மாற்றன்று. உழைப்புக்கு உரமாவது அது.