வீரன் சுந்தரலிங்கனார்: வகுப்பறை சொல்லத் தயங்கும் வாழ்க்கை

தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வடமேற்கே, ஒட்டப்பிடாரம் வட்டத்தில் கவர்னகிரி என்னும் சிற்றூர் உள்ளது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊரும் இதே வட்டாரத்தில்தான். கட்டபொம்மனின் படைத்தளபதிகளுள் ஒருவராகப் போற்றப்படும் சுந்தரலிங்கனார் இவ்வூரில், இன்று தேவேந்திரகுல வேளாளர் எனப்படும் சமூகத்தில் பிறந்தவர். தமிழக அரசு இங்கே அவருக்கு மணிமண்டபம் எழுப்பியுள்ளது.

அவர் வளர்ந்த காலத்தில் இக்கரையின் அதிகாரம் கைமாறிக்கொண்டிருந்தது. 1792 உடன்படிக்கையின் வழியே பாளையங்களின் வரிவசூல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்குப் போயிற்று. 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து தூத்துக்குடித் துறைமுகமும் முத்துக்குளித்துறையும் கம்பெனியின் கைக்கு வந்தன. உள்நாட்டின் கிஸ்தியும் கடற்கரையும் ஒரே எசமானிடம் சேர்ந்தபோது, பாளையக்காரர்களுக்கு இடம் சுருங்கியது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஆட்சியர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தபோது மூண்ட கைகலப்பில் கிளார்க் என்னும் அதிகாரி கொல்லப்பட்டார். மறு ஆண்டு செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியை முற்றுகையிட்டார்.

அம்முற்றுகையின்போது சுந்தரலிங்கனார் செய்ததை மக்கள் வழக்கு தெளிவாகவே சொல்கிறது. முறைப்பெண் வடிவுடன் ஆங்கிலேயரின் வெடிமருந்துக் கிடங்கினுள் மாறுவேடத்தில் நுழைந்து அதற்குத் தீயிட்டார். இருவரும் அத்தீயிலேயே மாண்டனர். அதன்பின் கோட்டை நெடுநாள் நிற்கவில்லை. அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வாழ்க்கையைப் பள்ளியில் கற்பிக்கும்போது எழும் முதல் தடை சான்று பற்றியது. கம்பெனியின் கடிதங்கள் பாளையக்காரரின் பெயரையும், அவர் செலுத்தத் தவறிய தொகையையும் நுணுக்கமாகக் குறித்தன. கோட்டைச் சுவரின் மேல் நின்றவர்களைக் கும்பலாகவே கண்டன. கவர்னகிரி மக்களோ தம்மவர் பெயரைப் பாட்டிலும் கதையிலும் காத்தனர். எழுத்தில் இல்லாதது நிகழவே இல்லை என்று ஒதுக்குவது, அடக்கியவரின் கணக்குப் புத்தகத்தை மட்டுமே வரலாறு என ஏற்பதாகும். மறுபுறம், வழக்கில் வரும் ஒவ்வொரு நுணுக்கத்தையும் ஆவணம்போல மனப்பாடம் செய்விப்பதும் பிழை என்றே கருதுகிறோம். கடிதம் எதைச் சொல்கிறது, பாட்டு எதைச் சொல்கிறது, ஒன்று ஏன் மற்றொன்றை அறியவில்லை என்பவற்றைப் பத்தாம் வகுப்பு மாணவரே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். (கட்டபொம்மனைப் பற்றி அம்மாணவர் முன்பே அறிந்ததில் பெரும்பகுதி 1959-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலிருந்து வந்தது, அதை எவரும் சான்று கேட்டு நிறுத்துவதில்லை.)

இரண்டாவது தடை அவர் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மன் பெயர் தாங்கிய பேருந்துகள் அதற்கு முன்பே நெல்லையில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஏற எவரும் மறுக்கவில்லை. கட்டபொம்மனுக்காக உயிர்விட்டவரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என ஆதிக்க சாதியினர் மறுத்தனர். தென்மாவட்டங்களில் கலவரம் பரவி உயிர்கள் பலியாயின. மறுத்தவர்களைத் திருத்துவதற்கு மாறாக அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் நீக்கியது. வ.உ.சிதம்பரனார் மாவட்டம் வெறும் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலியாயிற்று. ஒரு தலித்தின் பெயரை ஏற்பதைவிட அனைவரின் பெயரையும் இழப்பது எளிதாக இருந்தது.

சுந்தரலிங்கனாரைப் பற்றிய பாடம் 1799-உடன் நின்றால் அது பாதிப் பாடமே. ஆனால் ஆசிரியர்கள் 1997-ஐத் தொட அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை நாம் எளிதில் பழிக்க இயலாது. தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் பள்ளித்தோழர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யுமாறு 2024-இல் பரிந்துரைத்தது.

அத்தகைய வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தம் சாதித் தளபதியை மட்டும் தேடுகின்றனர். பாஞ்சாலங்குறிச்சியில் தெலுங்கு வழிவந்த பாளையக்காரரின் கீழ் வெள்ளையத்தேவரும் சுந்தரலிங்கனாரும் ஒரே கோட்டையைக் காத்தனர். 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டைக்கு ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வருகின்றனர். அங்கிருந்து கவர்னகிரிக்குச் சிறிது தொலைவே; அதே பேருந்தில் அழைத்துச் சென்று வரலாம்.