கூடைப்பந்தாட்டமும் செண்டா பெரென்சன் அம்மையாரும்

உடல் வலிமை உடையார்க்கே ஆடுகளம் உரியது என்பது பலர் கொண்ட எண்ணம். ஆயின், நோயால் நலிந்த ஒரு நங்கையே மாணவியர்க்கு அக்களத்தின் வாயிலைத் திறந்தனர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க வரலாறாகும்.

செண்டா பெரென்சன் அம்மையார் 1868-ஆம் ஆண்டில் லிதுவேனியா நாட்டில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். அவர் சிறுமியாயிருந்தபோதே குடும்பத்தார் அமெரிக்காவிற் குடியேறிப் பாஸ்டன் நகரில் வாழலாயினர். கலையாராய்ச்சியாற் புகழ் பெற்ற பெர்னார்ட் பெரென்சன் இவர்தம் தமையனார். செண்டா அம்மையார் இசையில் வேட்கை மிக்கவராய்ப் பியானோ பயின்றார். முதுகுநோய் அதனைக் கைவிடச் செய்தது. உடல் தேறும் பொருட்டு 1890-ல் அந்நகரின் உடற்பயிற்சி ஆசிரியர் பள்ளியில் மனமின்றியே சேர்ந்தார். தொடக்கத்திற் சிறிது நேரம் நிற்பதும் அவர்க்கு அரிதாயிருந்தது. பயிற்சி முதிர முதிர உடல் உரம் பெற்றது. தாம் பெற்ற நலத்தைப் பிற பெண்டிர்க்கும் வழங்குதலே தம் கடனெனத் துணிந்தார்.

1892 சனவரியில் நார்தாம்டனிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் ஆசிரியையாக அமர்ந்தார். அயலூராகிய ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் 1891 திசம்பரில் அமைத்த கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிப் படித்து, அதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். கடுமையான ஆட்டம் பெண்மைக்குக் கேடென மருத்துவருள்ளும் பலர் எண்ணிய காலம் அது. 1893 மார்ச்சு 22-ல் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் எதிர்த்தாடினர். ஆடவர்க்கு அங்கே இடமில்லை. அம்மையார் பந்தை மேலெறிந்தபோது அவர் கை பட்டு முதலாண்டுத் தலைவியின் தோள்மூட்டு விலகியது. அத்துடன் முயற்சி முடிந்துவிடும் என்று யாரும் அஞ்சியிருப்பர். ஆயினும் வேறொருத்தி அவளிடத்தில் நிற்க, ஆட்டம் இனிதே நடந்தது.

ஆட்டம் நிலைபெறும் பொருட்டு அம்மையார் அதற்கு வேலி கோலினார். களத்தை மூன்றாகப் பகுத்து, அவரவர் தத்தம் பகுதியிலேயே நிற்க வேண்டுமென விதித்தார். பிறர் கைப்பந்தைப் பறித்தலும், மூன்று வினாடிக்கு மேற் பந்தை வைத்திருத்தலும் விலக்கப்பட்டன. ஒருத்தியின் ஆற்றலினும் பலர் கூடி ஆடும் ஒற்றுமையையே அவர் பெரிதென மதித்தார். அவர் பதிப்பித்த விதிநூல் 1901-ல் வெளிவந்தது.

அவ்வேலி பெண்களின் ஆற்றலைக் குறுக்கியதன்றோ எனின், ஒருவாற்றான் உண்மையே. 1971-ல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் களம் முழுவதும் ஓடியாடும் விதியைப் பெற்றனர். 1976-ல் ஒலிம்பிக்கிலும் மகளிர் கூடைப்பந்து இடம் பெற்றது. எனினும், அன்று வேலியின்றேல் பயிரும் இருந்திராது.

அம்மையார் 1911-ல் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரை மணந்து ஸ்மித் கல்லூரியை நீங்கினார்; 1954-ல் உலக வாழ்வை நீத்தார். 1985-ல் நெய்ஸ்மித் பெயரால் விளங்கும் புகழ்மண்டபத்தில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

நண்பர்களே, வலியார்க்குக் கற்பித்தல் எளிது. களத்தோரத்தில் அஞ்சி நிற்கும் மெலியாளை உள்ளே அழைப்பவரே நல்லாசிரியர். தம் மெலிவை மறவாமையே செண்டா அம்மையாரின் வலிமையாயிற்று.