பெயர் நாடாப் பெரியார் கே. எஸ். கிருஷ்ணன்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில், 1898 டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தார் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். தந்தையார் ஏரும் ஏடும் ஒருங்கே அறிந்தவர். தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்தவர். அவ்விருமொழிச் செல்வம் மைந்தருக்கும் வாய்த்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார்.

அந்நாளில் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. 1937 வரை வடசென்னையின் வாயிலாகிய ஜார்ஜ் டவுனிலேதான் இருந்தது. அங்கே வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியேற்ற கிருஷ்ணன், நண்பகல் உணவு இடைவேளையில் மாணவரோடு அறிவியல் உரையாடத் தொடங்கினார். தேர்வுக்காக நடந்ததன்று அது. ஆயினும் பிற கல்லூரி மாணவரும் தேடி வந்து கூடினர். இலக்கிய வட்டம் நடத்துவோர்க்கு இச்செய்தியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

1920இல் கல்கத்தா சென்ற அவர், 1923இல் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1928 பிப்ரவரித் திங்கள் அவர் வாழ்வின் திருப்புமுனை. சூரிய ஒளியை நீலவண்ண வடிகட்டி ஒன்றன் வழியே நீர்மத்திற் செலுத்தி, சிதறிவரும் ஒளியை, அந்நீலத்தை அடியோடு தடுக்கும் வேறொரு வடிகட்டி வழியே நோக்கினால் இருளே தெரிதல் வேண்டும். இருள் தெரியவில்லை, மங்கிய ஒளியொன்று எஞ்சி நின்றது. ஏறத்தாழ அறுபது நீர்மங்களில் அதனைக் கண்டனர். இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் எழுதப்பெற்ற குறிப்பு, மார்ச் 31இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே சென்றது. பல்லாண்டுத் தேடலும் வழிகாட்டலும் இராமனுடையவை என்பதில் ஐயமில்லை. இருட்டறையில் நீர்மம் நீர்மமாக உற்றுநோக்கிய கண்கள் பெரிதும் கிருஷ்ணனுடையவை என்பதும் மறுக்கவியலாதது. பெயரில் பங்கு கோரி அவர் பொதுமன்றில் வழக்காடவில்லை. இதனைச் சிலர் கோழைமை என்பர். அது பொருந்தாது, தமக்கென ஒரு துறையை அவர் அமைத்துக்கொண்ட வேகமே அதற்குச் சான்று.

1928 இறுதியில் டாக்காப் பல்கலைக்கழகம் சென்றார். சத்தியேந்திரநாத் போஸ் அங்கிருந்த காலம் அது. படிகங்களின் காந்தப் பண்பு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. முடியினும் மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டு, இழையின் மேல்நுனியை முறுக்குவர். ஓரெல்லை வரை படிகம் தன் திசையை விடாது பற்றிநிற்கும். எல்லை கடந்ததும் சட்டெனச் சுழன்றுவிடும். அம்முறுக்கின் அளவைக் கொண்டு, திசைதோறும் படிகத்தின் காந்தத்தன்மை எவ்வாறு வேறுபடுகிறது எனக் கணித்தார். அதிலிருந்து உள்ளே மூலக்கூறுகள் சாய்ந்து கிடக்கும் கோணமும் புலனாயிற்று. சகவூழியர் பானர்ஜியுடன் வளர்த்த இம்முறை உலகெங்கும் பயன்பட்டது. கவிஞர் கைப் பென்சிலில் உள்ள கிராபைட்டும் அவர் ஆய்வுக்குத் தப்பவில்லை. 1933இல் கல்கத்தா திரும்பினார். 1940இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத்தில் பேராசிரியர். 1946இல் சர் பட்டம்.

1947இல் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. 1948இல் அமைந்த அணுசக்தி ஆணையத்தில் பாபா, பட்நாகர் ஆகியோருடன் முதல் உறுப்பினரானார். ஆயினும் அணுவினும் அன்றாடத்தைத் தொட்டது அளவையியற் பணி. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீசையும் மணங்கும் விடைபெற்று, கிலோகிராம் வந்தபோது, நாட்டின் எடைக்கு மூலமாக நின்ற 57ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளை அக்கூடத்தின் காவலில்தான் இருந்தது. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் லாரி ஏறும் எடைமேடை, படிப்படியாய் ஒப்பிட்டுச் சென்றால், அவ்வுருளையிலேயே போய் நின்றது. 2019இல் கிலோகிராமின் இலக்கணம் பிளாங்க் மாறிலிக்கு மாறிற்றேனும், மூலத்தைக் காக்கும் கடமை இன்றும் அக்கூடத்திற்கே.

நிர்வாகச் சுமை பலரது ஆய்வை விழுங்கிவிடும். கிருஷ்ணனோ 1950களில், சூடேறிய உலோகங்கள் எலெக்ட்ரான்களை உமிழும் பாங்கினை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதலாவது பட்நாகர் பரிசும் பெற்றார். இவற்றுக்கிடையே தமிழில் கட்டுரைகளும் எழுதினார். அறிவியலைத் தாங்கும் வலிமை தமிழுக்கு உண்டென்பதை எழுதியே காட்டினார். 1961 ஜூன் 14ஆம் நாள் தில்லியில் மறைந்தபோதும் இயக்குநர் பொறுப்பு அவரிடமே இருந்தது.