லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) என்பவர் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரியும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். தென்னிந்தியாவின் கோயில்கள், கோட்டைகள், நிலக்காட்சிகள் ஆகியவற்றை முதன்முதலில் முறையாகப் படம் பிடித்தோருள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக்கலையைப் பொழுதுபோக்காகக் கற்றார். 1853இல் இலண்டன் ஒளிப்படக் கழகத்தில் உறுப்பினரானார். 1854இல் பெங்களூர் திரும்பியதும் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1855ஆம் ஆண்டு சென்னைப் பொருட்காட்சியில் பாராட்டுப் பெற்றன. அதே ஆண்டு ஆர்தர் பைரே தலைமையில் பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் இவரும் இடம்பெற்றார். அங்கு எடுத்தவற்றுள் 120 படங்கள் பின்னர் தொகுப்பாக வெளியாயின.

தமிழகப் பயணம்

1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கருவிகளையும் வேதிப்பொருட்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். முதலில் சேலம் மாவட்டத்தைக் கடந்தார். வத்தல்மலை உள்ளிட்ட இன்றைய தர்மபுரிப் பகுதியும் இராயக்கோட்டையும் அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. (தர்மபுரி மாவட்டம் 1965இலும், இராயக்கோட்டை அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இலும் உருவாயின.) இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் ஒரு தனித் தொகுப்பாக 1858இல் வெளிவந்தன. திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய ஊர்களின் படங்களும் அதே ஆண்டில் தொகுக்கப்பட்டன.

இவற்றுள் தலையாயது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காட்டும் நீள்படமாகும். 21 படிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக இதனை அமைத்தார். தஞ்சைக் கல்வெட்டுகளின் அச்சுப் பதிப்பு 1891இல்தான் வெளிவரத் தொடங்கியது என்பதை நோக்கின், இம்முயற்சியின் அருமை விளங்கும். சென்னை அருங்காட்சியகத்தில் அப்போதிருந்த அமராவதிச் சிற்பங்களையும் 1858இல் படமெடுத்தார். அவை பின்னர் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன.

நுட்பம்

டிரைப் பெரும்பாலும் மெழுகிட்ட தாளையே எதிர்ப்படத்துக்குப் பயன்படுத்தினார். ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகட்டை ஈரம் உலருமுன் பயன்படுத்திக் கழுவியாக வேண்டும். மெழுகுத் தாளையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம். நெடும்பயணத்துக்கு இது ஏற்றது.

அக்காலத்து ஒளியுணர் பொருட்கள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. எனவே நிலமும் கட்டடமும் தெளிவாகப் பதியுமளவுக்கு ஒளியூட்டினால், வானம் மிகையொளி பெற்று, மேகமேதுமின்றி வெறுமையாகிவிடும். இன்றைய உயர் இயங்கு வீச்சு ஒளிப்படவியல் தீர்க்க முனையும் சிக்கலும் இதுவே. இன்று ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியூட்டங்களில் எடுத்துக் கணினியால் இணைக்கின்றனர். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடற்காட்சிகள் சிலவற்றில் வானுக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு எதிர்ப்படங்களைச் சேர்த்தார். டிரைப் கையாண்டதோ தூரிகை. எதிர்ப்படத்தில் வண்ணம் பூசிய இடம் படியில் வெண்மையாகும். இவ்வாறு வானில் மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைத்தொகுதியையும் திருத்தினார். இதனைப் பொய்மை எனத் தள்ளுவது பொருந்தாது. கருவி தவறவிட்டதைக் கையால் ஈடுசெய்யும் முயற்சியாகவே இது கொள்ளத்தக்கது. எனினும் இப்படங்களில் காணும் மேகங்களை அன்றைய வானிலைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

பணி நிறுத்தம்

1859இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெல்யன், அரசுச் செலவுகளைக் குறைக்கும் நோக்கில் இப்பணியை வீண் ஆடம்பரம் எனக் கருதி நிறுத்தினார். 1857 கிளர்ச்சிக்குப் பின் கருவூலம் நெருக்கடியில் இருந்தது உண்மையே. ஆயினும் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி படம்பிடிக்கப்படாமலே நின்றுபோனது. டிரைப் 1860இல் படக்கூடத்தை மூடிப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் மிகச் சில படங்களையே எடுத்தார். 1870களில் ஓய்வுபெற்றுத் தாயகத்தில் வாழ்ந்து, டெவன்போர்ட்டில் காலமானார்.

நெடுங்காலம் பரவலாக அறியப்படாதிருந்த இவரது படைப்புகள், 2014-15இல் வாசிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.