பிராங்க்ளின் பயின்ற கட்டுரைக் கலை

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஈராண்டளவே. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகலானார். நண்பரோடு வாதிட்டு அவர் எழுதிய கடிதங்களைக் கண்ட தந்தையார், பிழை குறைவெனினும் கருத்துக்கள் முறைப்பட அமையவில்லை என்றார். அச்சொல் சிறுவரின் நெஞ்சில் தைத்தது.

அந்நாளில் ‘ஸ்பெக்டேட்டர்’ என்னும் ஆங்கில இதழின் தொகுதியொன்று அவருக்குக் கிட்டிற்று. அதன் கட்டுரைகளிலுள்ள கருத்துக்களைச் சிறு குறிப்புக்களாக எழுதிவைப்பார். சின்னாள் கழித்து, நூலைப் பாராமலே அவற்றை விரித்தெழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சிலபோது குறிப்புக்களை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, சில வாரங்கள் சென்றபின் நிரல்பட அடுக்க முயல்வார். கருத்துக்களை ஒழுங்குறுத்தும் திறம் இதனாலன்றோ கைவந்தது! பகலெல்லாம் அச்சுவேலை, இரவும் விடியலும் ஞாயிற்றுக்கிழமையுமே பயிற்சிக்கு எஞ்சின.

1722-இல் கைம்பெண் ஒருத்தியின் பெயரால் கட்டுரை வரைந்து, இரவில் அச்சகக் கதவின்கீழ்ச் செருகிவைத்தார். எழுதியவர் இன்னாரென அறியாத தமையனாரும் நண்பரும் அதனைப் பாராட்டினர். அருகிலிருந்த அவரோ வாய்திறவாது வேலையைத் தொடர்ந்தார்.